முதல் வரி கிடைத்த பிறகு: புதிய கவிதையைத் தொடங்க ஒரு முழுமையான வழிகாட்டி

தமிழில் கவிதை பிறந்த கதைகள் பலவற்றில் ஒரு பொது அம்சம் உண்டு. சேக்கிழாருக்குத் தில்லையில் ‘உலகெலாம்’ என்று அடியெடுத்துக் கொடுக்கப்பட்டது. சுந்தரருக்குப் ‘பித்தா’ என்றே தொடங்கிப் பாடும்படி கட்டளை வந்தது. அருணகிரிநாதருக்கு முருகன் ‘முத்தைத்தரு’ என்று எடுத்துக் கொடுத்தான். பக்தியோடு படிப்பவர்களுக்கு இவை அருளின் கதைகள். எழுத உட்காருகிறவர்கள் இவற்றில் இன்னொன்றையும் கவனிக்கலாம். கொடுக்கப்பட்டது ஒரு சொல், மிஞ்சினால் ஒரு தொடர். பெரியபுராணத்தின் 4000க்கும் மேற்பட்ட பாடல்களில் மீதி அத்தனையையும் சேக்கிழார்தான் உட்கார்ந்து எழுதினார்.

பிரெஞ்சுக் கவிஞர் பால் வலேரியும் ஏறக்குறைய இதையே சொன்னார். முதல் வரியைத் தெய்வங்கள் இலவசமாகத் தந்துவிடுகின்றன, இரண்டாவது வரியை நாம்தான் செய்தாக வேண்டும் என்பது அவர் கருத்து. அந்த இரண்டாவது வரி முதல் வரியின் பக்கத்தில் நிற்கத் தகுதியோடு இருக்க வேண்டும் என்பதில்தான் வேலையே இருக்கிறது.

ஆகவே கேள்விகள் இரண்டு. தரப்படும் வரியைத் தவறவிடாமல் இருப்பது எப்படி? கிடைத்த பின் என்ன செய்வது? இந்த வழிகாட்டி இரண்டையும் படிப்படியாகப் பார்க்கிறது. இதன் அடியில் உள்ள நம்பிக்கை ஒன்றுதான்: கவிதையைத் தலைப்பிலிருந்து தொடங்க முடியாது. ‘தனிமையைப் பற்றி எழுதப்போகிறேன்’ என்று உட்காருகிறவருக்குக் கட்டுரை வரும், அல்லது தூக்கம் வரும். ஒரு காட்சி, ஒரு பேச்சுத் துணுக்கு, ஓர் ஓசை ஆகியவற்றில் ஏதாவது ஒன்று கையில் இருந்தால் தனிமை தானாகவே வந்து சேரும்.

உந்துதலைப் பற்றிக் கொஞ்சம் சந்தேகம்

கவிஞர்கள் தங்கள் உந்துதலைப் பற்றிச் சொல்வதை அப்படியே நம்ப வேண்டியதில்லை. ஆங்கிலக் கவிஞர் கோல்ரிட்ஜ் 1816இல் ‘குப்லா கான்’ கவிதையை வெளியிட்டபோது, அது பல ஆண்டுகளுக்கு முன் மயக்க மருந்தின் உறக்கத்தில் கனவாக வந்தது என்றும், எழுதிக்கொண்டிருக்கும்போது யாரோ ஒருவர் அலுவலாக வந்து குறுக்கிட்டதால் பாதியில் நின்றுபோனது என்றும் முன்னுரையில் எழுதினார். ஆனால் உறங்குமுன் குப்லா கான் என்ற அரசனின் மாளிகையைப் பற்றிய ஒரு பழைய பயண நூலைப் படித்துக்கொண்டிருந்ததாக அவரே அங்கு சொல்லியிருக்கிறார். பின்னாளில் கிடைத்த அவருடைய கையெழுத்துப் படியில் அச்சில் வந்த வடிவத்திலிருந்து மாறுபட்ட சொற்கள் இருந்தன. கனவுக்கு முன் படிப்பும், கனவுக்குப் பின் திருத்தமும் இருந்திருக்கின்றன.

அமெரிக்கக் கவிஞர் எட்கர் ஆலன் போ இதற்கு நேர் எதிர். தம் ‘அண்டங்காக்கை’ கவிதையை ஒரு கணக்குப் போலச் செய்ததாக 1846இல் ஒரு கட்டுரை எழுதினார். முதலில் நீளம், பிறகு உண்டாக்க வேண்டிய உணர்வு, பிறகு திரும்பத் திரும்ப வரவேண்டிய சொல் என்று ஒவ்வொன்றாக முடிவு செய்தாராம். இரண்டு பேருமே கொஞ்சம் நடிக்கிறார்கள் என்பது என் எண்ணம். ஒருவர் உழைப்பை மறைக்கிறார், மற்றவர் அதிர்ஷ்டத்தை மறைக்கிறார். நமக்கு இரண்டுமே தேவை.

படி 1: கருத்தை விட்டுவிட்டுப் பொருளைக் குறித்துவையுங்கள்

ஒரு சிறிய குறிப்பேடு போதும். கைப்பேசியும் ஆகும். ஆனால் கைப்பேசிக் குறிப்புகளைத் திரும்பப் படிப்பவர்கள் குறைவு. தாளில் ஒன்றைத் தேடும்போது வேறொன்று கண்ணில் படும், அந்தத் தற்செயலுக்காகவே தாளைச் சொல்கிறேன். அமெரிக்கக் கவிஞர் எமிலி டிக்கின்சன் பிரித்த கடித உறைகளின் ஓரங்களில்கூட எழுதிவைத்திருக்கிறார். ரஷ்யக் கவிஞர் மாயகோவ்ஸ்கி 1926இல் கவிதை செய்யும் முறையைப் பற்றி எழுதிய கட்டுரையில், நல்ல எழுத்துக்கு முதல் தேவைகளில் ஒன்றாகக் குறிப்பேட்டைச் சொன்னார்.

எதைக் குறிப்பது என்பதில்தான் பலர் தடுமாறுகிறார்கள். ‘இன்று மனம் கனமாக இருந்தது’ என்று எழுதினால் ஆறு மாதம் கழித்து அந்த வாக்கியத்திலிருந்து எதையும் எடுக்க முடியாது. மனம் கனமாக இருந்தபோது கண் எதைப் பார்த்துக்கொண்டிருந்தது என்று எழுதுங்கள். எதிரில் இருந்த நாற்காலியின் ஒரு கால் குட்டையாக இருந்தது, மடித்த காகிதம் ஒன்று அதற்கு முட்டுக் கொடுத்திருந்தது என்றால் அது குறிப்பு. மற்றவர்கள் பேசியதைக் கேட்டபடியே எழுதுங்கள், திருத்தாமல். தவறாகப் படித்த பெயர்ப்பலகைகளையும் தவறாகக் காதில் விழுந்த சொற்களையும் எழுதுங்கள். பிழையாகக் கேட்ட காதுதான் பல சமயம் நல்ல வரியைக் கேட்டிருக்கிறது. விளக்கம் எழுதாதீர்கள். ‘இது எனக்கு வாழ்க்கையின் நிலையாமையை உணர்த்தியது’ என்று சேர்த்த கணத்தில் அந்தக் குறிப்பு முடிந்துபோகிறது, கவிதைக்கு மிச்சம் வைப்பதில்லை.

குறிப்பு பயன்படும் காலம் உங்கள் கையில் இல்லை. வேர்ட்ஸ்வொர்த்தும் அவருடைய தங்கை டோரதியும் 1802 ஏப்ரல் 15 அன்று ஓர் ஏரிக்கரையில் மஞ்சள் மலர்க் கூட்டத்தைப் பார்த்தார்கள். டோரதி அதைத் தம் நாட்குறிப்பில் நுணுக்கமாக எழுதிவைத்தார். அண்ணன் கவிதையாக எழுதியது 1804இல், அச்சேறியது 1807இல். அந்தக் கவிதை ‘தனியாக அலைந்தேன்’ என்று தொடங்குகிறது. பக்கத்தில் நடந்த தங்கை அதில் இல்லை. கவிதையின் மிகச் சிறந்த இரண்டு வரிகளைத் தந்தவர் தம் மனைவி மேரி என்று வேர்ட்ஸ்வொர்த்தே சொல்லியிருக்கிறார். அடியெடுத்துக் கொடுப்பவர்கள் வீட்டுக்குள்ளேயும் இருப்பார்கள், கேட்கத் தெரிந்தால்.

இனி வரும் படிகளுக்காக ஒரு குறிப்பை எடுத்துக்கொள்வோம்:

பூட்டிய வீட்டுக்குள் தொலைபேசி ஒலிக்கிறது. வாசலில் நிற்கிறேன். என்னிடம் சாவி இல்லை.

இதில் அழகு எதுவும் இல்லை, இருக்கவும் வேண்டியதில்லை.

படி 2: சலிப்பு வரும்வரை பாருங்கள், பிறகும் பாருங்கள்

குறிப்பேடு தற்செயலாகக் கிடைப்பதைச் சேர்க்கிறது. வேண்டுமென்றே போய்ப் பார்ப்பது வேறு பயிற்சி. ஜெர்மன் மொழிக் கவிஞர் ரில்கே இளம் வயதில் பாரிஸில் சிற்பி ரோதினோடு பழகிய நாட்களில், எழுத வரவில்லை என்று சொன்னபோது, விலங்குக் காட்சிச்சாலைக்குப் போய் ஒரு விலங்கைப் பார்க்கக் கற்றுக்கொள்ளும்வரை பார் என்று ரோதின் சொன்னதாகக் கூறுவார்கள். கூண்டுக்குள் நடக்கும் சிறுத்தையைப் பற்றிய ரில்கேயின் கவிதை அந்தக் காலத்தில் வந்தது. அதில் ரில்கே இல்லை. கம்பிகளும் நடையும் கண்ணிமையும் இருக்கின்றன.

செய்து பாருங்கள். ஒரு பொருளின் முன் இருபது நிமிடம் உட்காருங்கள். சாவிக்கொத்து, ஜன்னல், யாரோ கழற்றிவைத்த செருப்பு, எதுவானாலும் சரி. முதல் சில நிமிடங்களில் எல்லோரும் எழுதுவதையே நீங்களும் எழுதுவீர்கள்: நிறம், வடிவம், பழகிய உவமை. பிறகு எழுத ஒன்றுமில்லை என்று தோன்றும். அங்கே எழுந்துவிடாதீர்கள். அந்த வறட்சிக்கு அப்பால்தான் செருப்பின் ஒரு பக்கம் மட்டும் தேய்ந்திருப்பது தெரியும், அதை அணிந்தவர் எந்தக் காலை ஊன்றி நடக்கிறார் என்று தெரியும். அங்கிருந்து ஒரு மனிதர் எழுந்து வருவார்.

சாதாரணப் பொருள் கவிதைக்குப் போதுமா என்ற ஐயம் வருபவர்கள் சிலி நாட்டுக் கவிஞர் பாப்லோ நெரூதாவைப் பார்க்கலாம். வெங்காயம், காலுறை, நாற்காலி என்று அன்றாடப் பொருட்களைப் பாடிய அவருடைய எளிய பொருட்களின் பாடல்களில் முதல் தொகுதி 1954இல் வந்தது.

படி 3: எழுத்தாளராகப் படியுங்கள்

படித்தால் பிறர் சாயல் வந்துவிடும் என்று பயந்து படிக்காமல் இருப்பவர்கள் உண்டு. அவர்கள் எழுதுவதில் சாயல் அதிகமாகவே இருக்கும். எப்போதோ பள்ளியில் படித்ததன் சாயல், கேட்ட பாட்டின் சாயல். நிறையப் படித்தவருக்குத்தான் எது தன்னுடையதல்ல என்று தெரியும்.

தொடங்குவதைக் கற்றுக்கொள்ள வேண்டுமானால் குறுந்தொகையைப் போல இன்னொரு பள்ளி இல்லை. நான்கு முதல் எட்டு அடிகளுக்குள் நிற்கும் பாடல்கள். சுற்றிவளைக்க இடமே இல்லை. அதில் சிலருடைய இயற்பெயர் நமக்குத் தெரியாது. அவர்கள் பாடலில் வைத்த காட்சியே அவர்களுக்குப் பெயராகிவிட்டது. செம்மண்ணில் பெய்த மழைநீரைச் சொன்னவர் செம்புலப்பெயனீரார். தலைவன் பிரிந்திருக்கும்போது தன் நிலையை, ஆட்கள் விட்டுப்போன வீட்டின் முற்றத்தில் அணில் விளையாடுவதைப் போல என்று தலைவியைச் சொல்லவைத்தவர் அணிலாடு முன்றிலார். இரண்டும் அடுத்தடுத்த பாடல்கள், 40ம் 41ம். ஏறக்குறைய ஈராயிரம் ஆண்டுகளில் ஒருவருடைய பெயர் அழிந்து அவருடைய அணில் நிற்கிறது என்றால், எதிலிருந்து தொடங்க வேண்டும் என்பதற்கு வேறு சாட்சி எனக்குத் தேவைப்படவில்லை.

படிக்கும்போது இரண்டு வேலைகளைச் செய்யுங்கள். பிடித்த கவிதையைக் கையால் ஒருமுறை படியெடுங்கள். வரி எங்கே முறிகிறது, வினைச்சொல் எங்கே ஒளிந்திருக்கிறது என்பது கைக்குத் தெரியும், கண்ணுக்குத் தெரியாது. பிறகு அந்தக் கவிதைக்குப் பதில் எழுதுங்கள். தோழி பேசினால் நீங்கள் தாயாகப் பேசுங்கள். கவிதை ஒரு கேள்வியோடு நின்றால் மறுநாள் காலையிலிருந்து தொடங்குங்கள். சொற்களை எடுத்தால் திருட்டு. நிற்கும் இடத்தை எடுத்துக்கொண்டு வேறு திசையில் பார்ப்பது மரபு.

படி 4: குறிப்பிலிருந்து வரிக்கு

எல்லாக் குறிப்பும் கவிதை ஆகாது. எதை எடுப்பது? ஏன் எழுதினோம் என்று உங்களுக்கே விளங்காத, ஆனாலும் அடிக்கத் தோன்றாத குறிப்பை எடுங்கள். முழுக்கப் புரிந்த குறிப்பில் கண்டுபிடிக்க ஒன்றும் இல்லை. போலந்துக் கவிஞர் ஷிம்போர்ஸ்கா 1996இல் நோபல் உரை ஆற்றியபோது, உந்துதல் எதுவானாலும் அது ‘எனக்குத் தெரியவில்லை’ என்ற நிலையிலிருந்து ஓயாமல் பிறக்கிறது என்றார்.

அடுத்து, தமிழ் இலக்கணம் தந்திருக்கும் இரண்டு கருவிகள். தொல்காப்பியம் அகப்பாடலுக்குச் சொன்ன மூன்று அடுக்குகளை இன்றைய கவிதைக்கும் கேள்விகளாக மாற்றிக்கொள்ளலாம். முதற்பொருள்: எந்த இடம், என்ன பொழுது? கருப்பொருள்: அங்கே என்னென்ன இருக்கின்றன, எவை அசைகின்றன? உரிப்பொருள்: இவற்றுக்கு நடுவே நிற்கும் மனிதருக்கு என்ன நேர்கிறது? புதிதாக எழுதுகிறவர்கள் மூன்றாவதை முதலில் எழுதிவிடுகிறார்கள். பிறகு இடமும் பொருளும் அதற்கு அலங்காரமாக ஒட்டப்படுகின்றன. வரிசையை மாற்றாமல் போங்கள். முதல் இரண்டையும் சரியாக எழுதினால் மூன்றாவதைச் சொல்லவே தேவையில்லாமல் போகலாம்.

இரண்டாவது கருவி கூற்று. பேசுவது யார், யாரிடம்? சங்க அகப்பாடல்களில் கவிஞர் தம் குரலில் பேசுவதில்லை. தலைவி தோழியிடம் பேசுகிறாள், செவிலி நற்றாயிடம் பேசுகிறாள், சில சமயம் கேட்க வேண்டியவன் வேலிக்கு அப்பால் நிற்க அவன் காதில் விழும்படி வேறொருவரிடம் பேசுகிறார்கள். இன்றைய கவிதைகள் பல ஆரம்பத்திலேயே சோர்ந்துபோவதற்குக் காரணம், ‘நான்’ யாரிடமும் பேசாமல் பொதுவாக அறிவித்துக்கொண்டிருப்பதுதான்.

நம் குறிப்பை இந்தக் கேள்விகளுக்குள் கொண்டுபோவோம். முதல் முயற்சி:

தனிமை என்பது
பூட்டிய வீட்டுக்குள் ஒலிக்கும்
தொலைபேசி

இது கவிதையைப் போல இருக்கிறது, அதனால்தான் ஆபத்து. உரிப்பொருளை முன்னால் தள்ளி, காட்சியை அதற்கு உதாரணமாக்கிவிட்டோம். மூன்று வரியில் எல்லாம் முடிந்துவிட்டது. நான்காவது வரிக்கு வேலை இல்லை. அடித்துவிட்டு, வாசலில் நிற்பவரைப் பேசவிடுவோம்:

பூட்டிய வீட்டுக்குள் மணி ஒலிக்கிறது.
எடுக்க ஆளில்லை என்று
எனக்குத் தெரியும்.
அழைப்பவருக்குத் தெரியாது.

இப்போது ஏதோ நகர்கிறது. ஒருவருக்குத் தெரிந்தது இன்னொருவருக்குத் தெரியவில்லை. ஏன் ஆளில்லை? வெளியூர் போயிருக்கிறார்களா, இறந்துவிட்டார்களா? அழைப்பவர் யார்? எழுதுகிறவருக்கே பதில் தெரியாத கேள்விகள் வந்துவிட்டன, நல்ல அறிகுறி. இனி கூற்றை மாற்றிப் பார்க்கலாம். அழைப்பவர் பேசட்டும்:

எடுக்கமாட்டாய் என்று தெரிந்துதான் அழைக்கிறேன்.
உன் வீட்டில் இன்னும்
ஓர் ஒலி எழ வேண்டும்.

வாசலில் நின்றவர் காணாமல் போனார், சாவி போனது, பூட்டும் போனது. ஆனால் இந்த வடிவத்தில் ஒருவர் இன்னொருவரிடம் பேசுகிறார், கேட்பவர் இல்லை என்று தெரிந்தே. தொலைபேசியே பேசுவதாக எழுதலாமா? எழுதலாம், பெரும்பாலும் அது சாமர்த்தியத்தில் போய் முடியும். பொருட்களைப் பேசவைக்கும்முன் மனிதர்கள் எல்லோரையும் கேட்டுவிட்டோமா என்று பாருங்கள்.

அமெரிக்கக் கவிஞர் ரிச்சர்ட் ஹியூகோ, கவிதை எழுதுவது பற்றிய தம் நூலில், எழுதத் தூண்டிய பொருளையும் எழுதும்போது கண்டடையும் பொருளையும் பிரித்துக் காட்டினார். தூண்டிய பொருளுக்கு நன்றியோடு இருந்தால் போதும், விசுவாசம் தேவையில்லை. நம் உதாரணத்தில் தூண்டியது பூட்டிய வீடு. கண்டடைந்தது, இறந்தவரின் வீட்டுக்கு அழைத்துக்கொண்டிருக்கும் ஒருவர். ‘ஆனால் நிஜத்தில் நான் வாசலில்தானே நின்றேன்’ என்று பிடிவாதம் பிடித்தால் கிடைக்கிற கவிதை கை நழுவும்.

படி 5: காதைக் கொண்டு எழுதுங்கள்

சில கவிதைகளுக்குச் சொல்லே பின்னால்தான் வருகிறது. 1920இல் வெளியான தம் கடற்கரைக் கல்லறைத்தோட்டக் கவிதை, பொருள் எதுவும் இல்லாத ஒரு வெற்றுச் சந்தமாகத்தான் முதலில் தமக்குள் வந்தது என்றார் வலேரி. பத்து அசை கொண்ட ஓர் அடி, உள்ளே சொல் இல்லாமல் ஒலித்துக்கொண்டிருந்ததாம். மாயகோவ்ஸ்கி கைகளை வீசி நடந்தபடி முனகிக்கொண்டே அடிகளைப் பிடித்தார். காப்பீட்டு நிறுவனத்தில் வேலை பார்த்த அமெரிக்கக் கவிஞர் வாலஸ் ஸ்டீவன்ஸ் அலுவலகத்துக்கு நடந்துபோகும்போது கவிதை செய்தார். எழுதும் மேசையில் சிக்கிக்கொண்டால் எழுந்து நடங்கள். நடையின் கதியில் கிடைத்த ஒரே ஒரு வரியைத் திரும்பத் திரும்பச் சொல்லுங்கள். எந்தச் சொல்லில் நாக்கு இடறுகிறதோ அதுதான் மாற வேண்டிய சொல்.

தமிழில் எழுதுகிறவருக்கு எதுகையும் மோனையும் வெறும் அலங்காரம் என்று புதுக்கவிதைக்காரர்கள் சிலர் ஒதுக்கிவிடுகிறார்கள். அச்சில் ஒதுக்கலாம், வரைவில் ஒதுக்குவது நஷ்டம். காரணம், ஓசை நமக்குத் தோன்றாத பொருளை இழுத்துவரும். ‘பூட்டிய’ என்ற சொல்லுக்கு எதுகைகளை வரிசையாக எழுதிப் பாருங்கள்: மூட்டிய, நீட்டிய, வாட்டிய, மீட்டிய, கூட்டிய, ஊட்டிய. கடைசிச் சொல்லில் நிற்கிறோம். ஊட்டிய கை. அந்த வீட்டில் இருந்தவர் யார் என்று இதுவரை தெரியாமல் இருந்தது. எதுகை அம்மாவைக் கூட்டிவந்துவிட்டது. இப்போது அழைப்பவர் பிள்ளை. ‘எடுக்கமாட்டாய்’ என்பதன் ஒருமை விளிப்புக்கும் நியாயம் கிடைத்துவிட்டது. இறுதி வடிவத்தில் ‘பூட்டிய’, ‘ஊட்டிய’ இரண்டையுமே நீக்கிவிடலாம். சொல் போனாலும் அம்மா அங்கேயே இருப்பாள்.

படி 6: தேவைப்பட்டால் ஒரு தளை

எதை வேண்டுமானாலும் எழுதலாம் என்ற சுதந்திரத்தில் பலருக்குக் கை ஓடாது. ஈற்றடியைக் கொடுத்து வெண்பா பாடச் சொல்வது நம்மிடம் பழைய வழக்கம். ‘செருப்பு’ என்று தொடங்கி ‘விளக்குமாறு’ என்று முடியும்படி முருகனைப் பாடச் சொன்னார்களாம். காளமேகப் புலவர் ‘செருப்புக்கு’ என்பதைப் போருக்குள் புகுந்து என்ற பொருளிலும், ‘விளக்குமாறு’ என்பதை விளக்கும்படி என்ற பொருளிலும் அமைத்துப் பாடினார் என்பது கதை. கிண்டலாகக் கொடுத்த தளைதான் அந்த வெண்பாவையே உண்டாக்கியது. பிரான்சில் ரேமோன் கெனோவும் நண்பர்களும் 1960இல் கட்டுப்பாடுகளை வைத்தே எழுதுவதற்காக ‘ஊலிபோ’ என்ற குழுவைத் தொடங்கினார்கள்.

உங்களுக்கு நீங்களே போட்டுக்கொள்ளச் சில தளைகள்: பெயரடையே வரக் கூடாது; எல்லா வரியும் கேள்வியாக இருக்க வேண்டும்; ‘நான்’ கூடாது; ஒன்பது வரிக்குள் முடிய வேண்டும். வரைவு கிடைத்ததும் தளையை அவிழ்த்துவிடலாம்.

படி 7: முதல் வரைவு

ஒரே அமர்வில் எழுதி முடியுங்கள், மோசமாக இருந்தாலும். தினமும் விடியற்காலையில் எழுதிய அமெரிக்கக் கவிஞர் வில்லியம் ஸ்டாஃபோர்ட், எழுத்து தடைப்பட்டால் தரத்தைத் தாழ்த்திக்கொண்டு தொடருங்கள் என்பார். அன்றைய தரத்தை மட்டும்; வெளியிடும் தரத்தை அல்ல. எழுதும்போது பின்னால் போய்த் திருத்தாதீர்கள். ஒரு சொல் கிடைக்கவில்லை என்றால் கோடு போட்டுவிட்டு நகருங்கள்.

முடித்தபின் இரண்டு இடங்களைப் பாருங்கள். முதலில் தொடக்கம். பெரும்பாலான வரைவுகளில் முதல் சில வரிகள் தொண்டையைச் செருமும் ஒலிதான். கவிதை மூன்றாவது, நான்காவது வரியில் தொடங்கியிருக்கும். மேலே இருப்பதை விரலால் மறைத்துக்கொண்டு படியுங்கள். எதுவும் குறையவில்லை என்றால் அது தேவையில்லை. அடுத்து முடிவு. கடைசி வரி முந்தைய வரிகளுக்கு விளக்கம் சொல்கிறதா? அப்படியானால் கவிதை அதற்கு முந்தைய வரியிலேயே முடிந்துவிட்டது.

எவ்வளவு குறைக்கலாம் என்பதற்கு அமெரிக்கக் கவிஞர் எஸ்ரா பவுண்ட் ஓர் எல்லை. பாரிஸின் சுரங்க ரயில் நிலையத்தில் கூட்டத்துக்குள் அழகிய முகங்களைப் பார்த்துவிட்டு முப்பது வரியில் ஒரு கவிதை எழுதினார், பிடிக்காமல் அழித்தார். ஆறு மாதம் கழித்து அதில் பாதி நீளத்தில் ஒன்று. மேலும் ஓராண்டுக்குப் பின் வந்தது இரண்டே வரி. 1913இல் வெளியான அந்த இரண்டு வரிகளைத்தான் இன்றும் உலகம் படிக்கிறது. எல்லோரும் இரண்டு வரியில் நிற்க வேண்டும் என்றில்லை, ஆனால் முப்பது வரி என்பது தொடக்கம்தான் என்று அவர் கண்டுகொண்டது முக்கியம்.

படி 8: வராமல் போனால்

வராத காரணம் எல்லோருக்கும் ஒன்றல்ல. குறிப்பேடு வெறுமையாக இருந்தால் எழுதும் முயற்சியை நிறுத்திவிட்டு முதல் இரண்டு படிகளுக்குத் திரும்புங்கள். அதற்குப் பெயர் வறட்சி அல்ல, கையிருப்பு இன்மை. குறிப்புகள் நிறைய இருந்தும் வரி எழவில்லை என்றால் கூற்றை மாற்றுங்கள். வரிகள் எழுந்தும் எல்லாம் ஏற்கெனவே எழுதியவை போலத் தோன்றினால், உங்களுக்குப் பழக்கமில்லாத துறை ஒன்றின் நூலைப் படியுங்கள்: பூச்சிகளைப் பற்றி, கப்பல் கட்டுவதைப் பற்றி. புதிய வினைச்சொற்கள் அங்கேதான் கிடைக்கும். துயரம் மிக அண்மையில் நடந்தது என்றால் குறிப்பு மட்டும் எடுங்கள். உணர்ச்சி அடங்கிய பின் அமைதியில் நினைவுகூரப்படுவதிலிருந்து கவிதை எழுகிறது என்ற வேர்ட்ஸ்வொர்த்தின் கருத்தை எல்லோரும் ஒப்புக்கொள்வதில்லை. துயரத்தின் நடுவிலேயே எழுதியவர்களும் இருக்கிறார்கள். ஆனாலும் ஆரம்பத்தில் இருப்பவர்களுக்கு அது பாதுகாப்பான வழி.

சில கவிதைகள் ஆண்டுகளைக் கேட்கும். ரில்கே துயினோ கோட்டையில் 1912இல் தொடங்கிய இரங்கற்பாக்களை 1922 பிப்ரவரியில்தான் முடித்தார். நடுவில் ஓர் உலகப் போர் வந்துபோனது. அமெரிக்கக் கவிஞர் எலிசபெத் பிஷப் 1946இல் ஒரு பஸ் பயணத்தில் பார்த்த காட்டு மானைப் பற்றிய கவிதை 1972இல் வெளியானது. இருவருமே இடையில் சும்மா இருக்கவில்லை, வேறு கவிதைகளை எழுதிக்கொண்டிருந்தார்கள். ஒரு கவிதை நின்றுபோனால் அதன் முன்னாலேயே உட்கார்ந்திருக்க வேண்டிய கட்டாயம் இல்லை.

படி 9: அடுத்ததை இப்போதே தொடங்கிவையுங்கள்

ஒரு கவிதையை முடித்த மகிழ்ச்சியில் குறிப்பேட்டை மூடிவிட்டால், அடுத்த முறை மீண்டும் வெறும் தாள்தான் காத்திருக்கும். இதற்கு அந்தாதியிலிருந்து ஓர் உத்தியை எடுத்துக்கொள்ளலாம். ஒரு பாடலின் முடிவில் நிற்கும் சொல்லே அடுத்த பாடலின் தொடக்கம். காரைக்கால் அம்மையார் இந்த முறையில் நூறு வெண்பாக்களுக்கு மேல் தொடுத்திருக்கிறார். நீங்கள் மாலையாகத் தொடுக்க வேண்டியதில்லை. முடிந்த கவிதையின் கடைசிச் சொல்லை அடுத்த பக்கத்தின் தலையில் எழுதிவிட்டு, அதன்கீழ் மனம் போனபடி ஐந்து வரி எழுதிவையுங்கள். அன்றே அது கவிதையாக வேண்டாம்.

வெட்டிய வரிகளுக்குத் தனியாக ஒரு பக்கம் ஒதுக்குங்கள். நம் உதாரணத்தில் வாசலில் நின்றவரும் அவரிடம் இல்லாத சாவியும் அங்கே போவார்கள். அவர்களுக்கென்று வேறொரு கவிதை இருக்கக்கூடும். ஒவ்வொரு குறிப்பின் மேலும் தேதி எழுதுங்கள். மாதத்துக்கு ஒருமுறை பழைய பக்கங்களைப் புரட்டி, பயன்படுத்தியவற்றை மெல்லிய கோட்டால் அடியுங்கள். சொல் படிக்கும்படி இருக்கட்டும், சில குறிப்புகள் இரண்டு முறை பயன்படும்.